கைக்குச் சொந்தக்காரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் இடது கையை இரவல் கேட்டார்கள், கொடுத்தேன், கூடவே கதையும் வந்துவிட்டது. மூன்று நாளாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'மனித மூளை என்பது ஒரு மாபெரும்...' அடித்துவிட்டேன். மூளையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அக்காவைப் பற்றித் தெரியும்.

2

அக்கா தையல்காரி. பக்கவாதம் வந்து, பெருமளவு தேறிவிட்டாள். இடது கை அசைகிறது. ஆனால் அது தன் கை இல்லை என்கிறாள். போன மாதம் அந்தக் கை சூடான இஸ்திரிப் பெட்டிமேல் கிடந்து பொசுங்கியது. அக்கா எடுக்கவே இல்லை.

"யாரோடதோ. எனக்கென்ன?" என்றாள்.

(சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நான் அன்று அழுதேன்.)

இன்னொரு முறை இப்படி ஆனால் கையே போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

3

அவர் அனுப்பிய ஆய்வுக்கூடத்தில் இருந்தவள் கேபிள். கழுத்தில் எந்நேரமும் ஒரு கேபிள் தொங்குவதால் நான் வைத்த பெயர். (முதல் வரைவில் இவளை நரைத்த பேராசிரியராக ஆக்கியிருந்தேன். ஒட்டவில்லை. இவள் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு மாட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறவள்.)

வி.ஆர். கண்ணாடியை மாட்டினால் மேசைமேல் ஒரு கணினிக் கை தெரியும். நிஜக் கையைத் தூரிகையால் வருடும் அதே நொடியில், கணினிக் கையையும் ஒரு தூரிகை வருடும். இரண்டும் பிசகாமல் ஒத்துப்போனால் மூளை ஏமாந்து, 'இது என் கை' என்று சொந்தம் கொண்டாடும்.

"கையை அளவெடுக்கணும்க்கா. இதுல ஒரு கையெழுத்து போடுங்க," என்று கேபிள் ஒரு படிவத்தை நீட்டினாள்.

"அடுத்தவங்க கையை அளவெடுக்க நான் எப்படிம்மா கையெழுத்து போடுறது? தப்பில்லையா?"

கேபிள் படிவத்தை மடித்து வைத்தாள்.

"சும்மா வருடணும்னா வருடிக்கோ. அது கோவிச்சுக்காது," என்று அக்கா பெரிய மனசு பண்ணினாள்.

கடைசியில் என் கையைப் படமெடுத்து, அளவெடுத்துக் கணினிக் கையைச் செய்தார்கள். உடன்பிறந்தவர்கள், கை ஒரே அச்சு.

4

நான்காம் நாள். கேபிள் வருடிக்கொண்டே இருக்கிறாள். அக்கா திடீரென்று, "கூசுது," என்றாள். கூசியதாம்!

கேபிள் ஒரு பொத்தானை அழுத்தினாள். கண்ணாடிக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டி அந்தக் கைமேல் சரிந்தது.

"ஐயோ, என் கை!"

அக்கா வலது கையால் இடது கையை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். என் கை என்றாள்! கேபிள் நாற்காலியிலிருந்து குதித்தாள். நான் விசிலடித்தேன். எனக்கு விசிலடிக்க வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

5

இங்கேயே முடித்தும் பார்த்தேன்: 'அக்கா புன்னகைத்தாள், ஜன்னலில் வெயில்...' சீ. நடந்தது வேறு.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். அணைத்திருந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மச்சத்தைக் காணோமே?"

என் இடது மணிக்கட்டில் ஒரு மச்சம் உண்டு. உங்களிடம் சொல்லவில்லை, எனக்கே அது நினைவில் இல்லை. கேபிளும் கணினியில் அதை அழிக்க மறந்திருக்கிறாள். நாலு நாளாக அக்கா தன்னுடையது என்று பழகியது மச்சமுள்ள கையை.

"அவ்ளோதானே? பேனாவால வெச்சிடலாம்," என்று கேபிள் பையைத் துழாவினாள்.

"வேணாம்," என்றேன் நான். "அப்புறம் அக்கா அதை என்னோட கைன்னு நினைச்சுட்டா?"

"வெக்கலன்னா மறுபடி யாரோடதோன்னுடுவாங்க!"

இருவர் சொல்வதும் சரியாக இருந்தது. அக்காவின் பிடி தளரத் தொடங்கியிருந்தது. (இந்த வரியை எழுதாமல் விடப் பார்த்தேன்.)

"சீக்கிரம் சொல்லுங்கடீ," என்றாள் அக்கா. "வெக்கிறதா, வேணாமா? எவ்ளோ நேரம்தான் பிடிச்சுக்கிட்டே இருக்கிறது?"

ஐந்து முடிவுகள் எழுதிக் கிழித்துவிட்டேன். பேனாவை உங்களிடம் நீட்டுகிறேன். யோசிக்க நேரமில்லை, வாங்குங்கள்.