முக்கால் முழச் சக்கர் மீன்

பல் மருத்துவமனையில் அவளுக்கு வேலை என்னவோ பெயர் எழுதி ஆட்களை வரிசையாக உள்ளே அனுப்புவதுதான். பத்து வருடத்தில் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக அவள் தலையில் வந்து விடிந்தது. கருவிகளைக் கொதிக்க வைப்பது, பயந்த குழந்தைகள் வாந்தி எடுத்தால் துடைப்பது, கடைசியாக வரவேற்பறையில் இருந்த மீன் தொட்டி.

"இந்தக் கறுப்பு மீனை விட்டாப் போதும்மா. அழுக்கையெல்லாம் அதுவே தின்னுடும். யாரும் கை வைக்க வேண்டியதில்ல" என்று டாக்டர் சொன்னபோது அது விரல் நீளம் இருந்தது. தென் அமெரிக்க ஆறுகளின் கெளுத்தி இனம். உடம்பெல்லாம் ஓடு போலத் தகடு, வயிற்றுப் பக்கமாக வட்ட வாய். அந்த வாயால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு கிடக்கும். கடைக்காரர்கள் அதைச் சக்கர் என்பார்கள்.

நாலு மாதத்தில் தொட்டியில் பாசி தீர்ந்தது. மீனின் வயிறு உள்ளே ஒட்டிப்போனது. அவள் அதைப் படமெடுத்து மீன் கடைக்காரனிடம் காட்டினாள்.

"பட்டினி கிடக்குதுக்கா. இது பாசி தின்னும், அழுக்கைத் தின்னாது. சொல்லப்போனா தொட்டியில அதிகமா கழியறதே இதுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேலையைக் குறைக்க வந்ததே வேலை வைத்தது. அன்றிலிருந்து வெள்ளரித் துண்டையோ அரைவேக்காட்டுப் பூசணியையோ முள்கரண்டியில் குத்தித் தொட்டியில் அமிழ்த்தி வைத்தாள். சுரண்டித் தின்ன ஒரு மரக்கட்டை, பகலில் ஒளிய ஒரு உடைந்த மண்பானை. குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போக ஒருநாள் வாளியில் வைத்திருந்து, வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினாள். ஐந்து வருடத்தில் அது முக்கால் முழம் வளர்ந்துவிட்டது. திரும்புவதற்கே உடம்பை வளைக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் டாக்டர் வரவேற்பறையை இடித்துக் கட்ட முடிவு செய்தார். தொட்டியில் இருந்த மற்ற சின்ன மீன்களைத் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"இதை மட்டும் சனிக்கிழமை போற வழியில ஏரியில விட்டுடுங்கம்மா."

அவள் கடைக்காரனுக்குப் போன் செய்தாள்.

"இவ்வளவு பெருசை யாரும் வாங்க மாட்டாங்கக்கா. என்கிட்டயே ரெண்டு இருக்கு. ஏரியில மட்டும் விட்டுடாதீங்க. கரையைக் குடைஞ்சு முட்டை போடும், முள்ளு மாட்டி வலையைக் கிழிச்சிடும். நம்ம ஊரு மீனுக்கு வாழ வழியிருக்காது."

இரண்டு நாள் யோசித்தாள். அவளுக்குத் தெரிந்தவர்களில் பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தது ஒரே ஆள்தான். செடிப் பண்ணை நடத்தும் நாத்தனார்.

மாமனார் படுக்கையில் கிடந்த பதினோரு மாதமும் அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, கழுவி, ஊட்டியது அவள். வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை. அவர் போன அன்று, கூடியிருந்தவர்கள் நடுவில் நாத்தனார் சொன்னாள்: "ஒழுங்கா கவனிச்சிருந்தா அப்பா இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருப்பார்." இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"ஒரு மீனுக்காக அங்க போகணுமா?" என்றான் புருஷன். லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு விட்டுப்போய், சுவரோரம் சாய்ந்திருந்தான். "வேணும்னா நான் அக்காகிட்ட பேசறேன்."

"நீங்க பேசினா உங்க அக்காவும் நீங்களும் பேசினதா இருக்கும். நானே போறேன்."

சனிக்கிழமை மதியம் தொட்டியைக் காலி செய்யத் தொடங்கினாள். வலை போட்டால் முள் சிக்கிக்கொள்ளும் என்று, மீனை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மெல்ல ஓட்டிப் பிடித்தாள். தொட்டித் தண்ணீரையே மூடி போட்ட பெரிய வாளியில் ஊற்றி, அதில் விட்டாள். பேருந்தில் வாளியைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றாள். இறங்கிய பிறகு, பத்தடிக்கு ஒருதரம் கை மாற்றிக்கொண்டு நடந்தாள்.

நாத்தனார் நாற்றுப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"அண்ணி, ஒரு மீனைக் கொண்டுவந்திருக்கேன். உங்க சிமெண்ட் தொட்டியில இடம் இருந்தா விடலாம். இல்லன்னா திரும்பக் கொண்டுபோறேன்."

நாத்தனார் மண் கையோடு வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"எத்தனை வயசு?"

"அஞ்சு."

"என்ன தின்னும்?"

அவள் சொன்னாள். பூசணி, வெள்ளரி, மரக்கட்டை, ஒளிய இடம். தண்ணீர் கெட்டால் தாங்காது என்பதையும், அதன் கழிவு கலந்த தண்ணீர் செடிக்கு நல்லது என்று கடைக்காரன் சொன்னதையும் சொன்னாள். தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குப் போக வழி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, செடிக்கு மோட்டார்தான் இறைக்கும் என்றாள் நாத்தனார்.

இருவருமாக வாளியைத் தூக்கிப் போனார்கள். மீன் புதுத் தண்ணீருக்குப் பழகட்டும் என்று, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் கலந்து, அரை மணி நேரம் கழித்துச் சாய்த்தார்கள். மீன் ஒரு நொடி மேலேயே நின்றது. பிறகு ஒரே வீச்சில் நேராக நீந்திப் போய் இருட்டில் மறைந்தது. அது வளையாமல் நீந்தி அவள் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

"நல்லாத்தான் கவனிச்சிருக்க" என்றாள் நாத்தனார், தண்ணீரைப் பார்த்தபடி. கையில் காய்ந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "அப்பாவையும்தான். அன்னிக்கு நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். நான் வந்து பார்க்காத குறை எனக்கு" என்றாள்.

இந்த வார்த்தைக்காக முதல் வருடம் முழுக்கக் காத்திருந்தாள் அவள். இப்போது வந்தபோது அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. தோள் மட்டும் விண்விண் என்று தெறித்தது.

"சரி அண்ணி" என்றாள். "எனக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

நாத்தனார் கொண்டுவந்த சொம்புத் தண்ணீரை மொத்தமும் குடித்தாள். திரும்பும்போது பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். தன் நிறுத்தம் தாண்டி மூன்றாவது நிறுத்தத்தில்தான் நடத்துனர் எழுப்பினார். இறங்கி, காலி வாளியோடு நடக்கத் தொடங்கினாள்.