மானும் கமிஷன் தலைவரும்

அந்த வாரம் தன் பத்திரிகையில் ஹாலிஸ் டார்ப்ளி இரண்டு படங்களின் படக்குறிப்புகளை மாற்றிப் போட்டுவிட்டார். கவுண்டி என்னும் அந்த மாவட்டத்தை நடத்தும் கமிஷனின் தலைவர் டுவைட் ஸ்டான்சிலின் சிரித்த முகத்துக்குக் கீழே, "எட்டுக் கிளைக் கொம்பு. ஆற்றோரம் ஒரே குண்டில் விழுந்தது. குடலெடுத்த பின் எடை நூற்றறுபது பவுண்டு" என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில், வண்டியின் பின்பலகையில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்த மான், வரியைக் கூட்டவே மாட்டேன் என்று மூன்றாம் முறையாக உறுதி கூறியிருந்தது.

வேட்டைக் காலத்தில் மான் படம் இல்லாமல் அந்தக் கவுண்டியில் பத்திரிகை விற்காது. எழுதுவது, படமெடுப்பது, பக்கம் கட்டுவது, பிழை பார்ப்பது எல்லாம் முப்பத்தோரு வருடமாக ஹாலிஸே. பழியை யார் தலையில் போடலாம் என்று அலுவலகம் முழுக்கத் தேடினார். ஒரே ஓர் ஆள்தான் அகப்பட்டார். அவரும் களைத்துப் போயிருந்தார்.

புதன்கிழமை, மனைவி வெர்னாவை டயாலிசிஸ் முடித்துக் கூட்டி வரும் வழியில், டுவைட்டின் தீவனக் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார்.

"வாடா," என்றான் டுவைட். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. "காலையிலேர்ந்து முப்பது போன். கொம்பை வித்துட்டியான்னு கேக்கறானுங்க. என் மச்சான் இறைச்சியில பங்கு கேக்கறான்."

"தப்புதான்டா. அடுத்த வாரம் திருத்தம் போட்டுடறேன். மான் கோவிச்சுக்காம இருக்கணும்."

டுவைட் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் ஹாலிஸ் கேட்டுவிட்டார்: "கவுண்டி ஆஸ்பத்திரி டயாலிசிஸ் பிரிவை மூடறீங்களா, இல்லையா?"

"பரிசீலனையில இருக்கு."

நான்கு மாதமாக, ஒவ்வொரு கமிஷன் கூட்டத்திலும் இதே கேள்வி, இதே பதில். ஹாலிஸும் சளைக்காமல் அதை அச்சிட்டு வந்தார். அடுத்த டயாலிசிஸ் இடம் அறுபது மைல் தள்ளி. அங்கே காலியாக இருப்பது நாலே சிகிச்சை நாற்காலி. இங்கே மூடுவது நிச்சயம் என்றால்தான் அங்கே பெயர் எழுதுவார்கள். எழுதத் தாமதமானால் வெர்னாவுக்கு இடம் கிடையாது.

"நாலு மாசமா பரிசீலிக்கறீங்க. இந்நேரம் கல்லு முட்டையே குஞ்சு பொரிச்சிருக்கும்."

"என்னை என்னடா சொல்லச் சொல்றே?" டுவைட் பேச்சை மாற்ற வாசலைப் பார்த்தான். வண்டியில் வெர்னா கண்ணாடியில் தலை சாய்த்திருந்தாள். பார்த்த பிறகும் போய் நலம் விசாரிக்காமல் இருந்தால் அந்த ஊரில் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். போனான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜன்னலில் குனிந்தான்.

"எப்படி இருக்கீங்க, மிஸ் வெர்னா?" கல்யாணமான பெண்களையும் மரியாதைக்கு 'மிஸ்' என்று அழைப்பது அந்த ஊர் வழக்கம்.

"பிழிஞ்சு காயப்போட்ட துணி மாதிரி இருக்கேன் கண்ணு. உங்கம்மா முட்டி வலி எப்படி?"

"அப்படியேதான் இருக்குங்க."

"ஆஸ்பத்திரி விஷயத்தை இவர் உன்கிட்ட கேட்டாரா?"

"கேட்டான்."

"டயாலிசிஸுக்கு வர்ற எங்க பதினோரு பேர்ல எட்டு பேருக்கு வண்டியே கிடையாது. ஆர்லீனம்மா சர்ச் பஸ்ல வருது. இன்னைக்குக் கூட ஊசி குத்தும்போது, 'பேப்பர்ல ஏதாவது வந்துச்சா'ன்னு என்னைத்தான் கேட்டுது. மான் வந்திருக்குன்னேன்."

ஹாலிஸுக்கு இதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

டுவைட் தொப்பியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினான். பிறகு வெர்னாவை விட்டு ஹாலிஸின் பக்கம் திரும்பினான்.

"மூடறோம். ஜனவரி முப்பத்தொண்ணு கடைசி நாள். போன மாசமே கதவைச் சாத்திக்கிட்டு ஓட்டுப் போட்டாச்சு. நானும் மூடறதுக்குத்தான் போட்டேன்."

"எழுதலாமா?"

"எழுது. நான் சொன்னேன்னே எழுது."