இரண்டாம் நம்பர் விளக்கு

ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த கையோடு அன்புக்கரசி இரண்டு கம்ப்யூட்டரையும் போட்டுப் பார்த்தாள். புதுப் பெட்டியின் பொத்தானை அமுக்கினால் இரண்டாம் நம்பர் விளக்கு என்னவோ எரிகிறது. இரண்டாவது கம்ப்யூட்டரில் கீபோர்டும் வேலை செய்யவில்லை, மவுசும் அசையவில்லை. ஒன்றுக்கு மாற்றினால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் கல்யாணப் பத்திரிகையும் பேனரும் அடித்துத் தரும் கடை. இருக்கிற மேசையில் இரண்டு கீபோர்டுக்கு இடமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷன் எழிலன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவள், ஒரே கீபோர்டையும் மவுசையும் இரண்டு கம்ப்யூட்டருக்கும் மாற்றித் தரும் இந்தப் பெட்டியை மட்டும் பிடிவாதம் பிடித்து வரவழைத்தாள். கடையில் அம்பலம் ஏறிய அவளுடைய முதல் சொல் அது.

"வேலில போன ஓணான எடுத்து மடில வுட்டுக்கினோம். ரிட்டர்ன் போட்டுட்டேன், மத்தியானம் வந்து எடுத்துக்கினு போவாங்க" என்றான் எழிலன்.

"வரட்டும். அதுவரைக்கும் நீங்க கைய வெக்காதீங்க."

கீபோர்டைப் பிடுங்கி இரண்டாவது கம்ப்யூட்டரில் நேராகச் செருகினாள். வேலை செய்தது. அப்படியானால் கம்ப்யூட்டர்மேல் குற்றமில்லை. கீபோர்டைத் திரும்பப் பெட்டியில் மாட்டி, அதன் பின்னால் கம்ப்யூட்டர்களுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிச் செருகினாள். இப்போது இரண்டாவது ஓடியது, முதலாவது படுத்துக்கொண்டது. ஒயரும் நல்ல ஒயர்தான். கோளாறு இரண்டாம் ஓட்டையில். அதிலிருந்து ஒயரை உருவி, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள். மஞ்சளாக, காய்ந்துபோய், சந்தனம்.

பூஜைக்காக ஒயர்களையெல்லாம் கழற்றித் துடைத்தவள் அவள்தான். ஆனால் ஸ்கிரீன்களுக்கு மட்டும்தான் பொட்டு வைத்தாள். 'கம்ப்யூட்டருக்கு இன்னாத்துக்குப் பொட்டு?' என்று எழிலன் சிரித்ததும் நினைவிருக்கிறது. அப்புறம் அவள் பொரி வாங்கப் போனாள்.

"இன்னாங்க இது?"

எழிலன் தலையைச் சொறிந்தான். "உன் பொட்டிய மட்டும் வுட்டுட்டியேன்னு நான்தான் வெச்சேன். ரெண்டு ஓட்டையும் கண்ணு மாதிரி இருந்துச்சா, அதான் மூஞ்சின்னு நெனச்சேன்."

"அது பின்பக்கம்!"

"நீ ஆசயா வாங்கனது, நல்லா ஓடட்டும்னு கொஞ்சம் தாராளமாவே வெச்சிட்டேன். ஒரு கண்ணுக்குள்ள வழிஞ்சிடுச்சி போல."

தொண்டை வரைக்கும் வந்த கோபம் அங்கேயே சிரிப்பாகிவிட்டது. இந்த மனுசனுக்குள் இப்படி ஒருத்தன் ஒளிந்திருக்கிறானா என்று அவளுக்குச் சந்தோஷம் தாளவில்லை. பல் குத்தும் குச்சியால் சுரண்டச் சுரண்டச் சந்தனம் உள்ளங்கையில் உதிர்ந்தது. ஒயரைச் செருகியதும் இரண்டாவது ஸ்கிரீனில் மவுசின் அம்பு துள்ளி ஓடியது.

வாசலில் வண்டி நின்றது. "ரிட்டர்ன் பார்சல் இருக்குதாண்ணா?"

எழிலன் அவளைப் பார்த்தான். "இல்லப்பா. எங்க வூட்டம்மா சரிபண்ணிட்டாங்க."

அன்புக்கரசி உள்ளங்கைத் தூளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அவன் நெற்றியில் தாராளமாகவே அப்பினாள். துடைக்காமல் உட்கார்ந்து அவன் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தான். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று விளக்கு பாண்டி ஆடிக்கொண்டிருந்தது.