ஆளுக்கொரு முனை

அக்காவுக்குத் தம்பியாகப் பிறந்த கஷ்டம் தம்பிக்குத்தான் தெரியும். ஓவியம் திருடும் தொழிலில் இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. இன்றுவரை திட்டம் போடுவது அக்கா, வண்டி ஓட்டுவது தம்பி. இந்த ஒரு திருட்டுக்கு மட்டும் திட்டம் போடுவதைத் தம்பி அடம்பிடித்துத் தன் பொறுப்பில் வாங்கியிருந்தான். சொதப்பினால் சாகிறவரை ஸ்டியரிங்தான் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். பட்டப்பகலில் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு, படத்தைச் சுத்தம்செய்ய எடுத்துப்போகிறவர்களாகக் கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைவது. உள்ளே வாயே திறக்கக் கூடாது என்பது தம்பியின் ஒரே நிபந்தனை.

மாடிப்படித் திருப்பம்வரைதான் அது தாங்கியது. ஆளுயரப் படம் அங்கே சிக்கிக்கொண்டது.

"அளந்து பார்த்தியாடா?" என்றாள் அக்கா.

"படத்தை அளந்தேன். ஃபிரேமை விட்டுட்டேன்."

"உன்னை நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

பிறகென்ன, பல் முளைத்த நாளிலிருந்து போட்ட சண்டையெல்லாம் படியில் உருண்டது. சத்தம் கேட்டு வயதான காவலாளி வந்தார். தம்பி படத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். அவரோ சிரித்தார். தங்கச்சியோடு ஒரு கட்டிலைக்கூடச் சண்டையில்லாமல் நகர்த்தியதில்லையாம். படத்தைச் சாய்க்கச் சொல்லி, தானும் கைகொடுத்து வாசல்வரை இறக்கிவிட்டார்.

சண்டை மட்டும் ஓயவில்லை. திட்டிக்கொண்டே தம்பி வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு முன்னால் போனான். திட்டிக்கொண்டே அக்கா அதைச் சாத்திவிட்டு ஏறினாள். படம் சுவரோரம் நின்றது.

சிக்னலில் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பார்த்தால், தள்ளுவண்டியில் படத்தோடு அதே காவலாளி, மூச்சிரைக்க.

"இதை விட்டுட்டுப் போறீங்களே. வேலை போயிடும்ல?"

யாருடைய வேலை போகும் என்று தம்பிக்குத் தெரியும். ஸ்டியரிங்கை ஒருமுறை பார்த்தான். இனி ஆயுளுக்கும் இதுதான்.

"மாத்தி எடுத்துட்டோம், ஐயா. நாங்க எடுக்க வேண்டியது இது இல்ல."

அக்கா இறங்கி, அந்த மனிதரைத் தன் இருக்கையில் உட்காரவைத்தாள். மூவருமாகத் திரும்பிப்போய்ப் படத்தை மாட்டி, கோணல் இல்லாமல் சரிபார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

வெளியே வந்ததும் அக்கா கையை நீட்டினாள்.

"சாவியைக் கொடு. நீ உட்கார்ந்து அடுத்ததுக்கு யோசி. இவ்வளவு நல்ல மனுஷன் காவல் இருக்கிற இடம் வேண்டாம். அளவெடுக்கிறது நான்."

அவள் வண்டி ஓட்டி வருஷக்கணக்காகியிருந்தது. முதல் திருப்பத்திலேயே ஒரு சக்கரம் நடைபாதையில் ஏறி இறங்கியது. ஏதாவது சொல்லலாம் என்று தம்பிக்கு நாக்கு துறுதுறுத்தது. சிரிப்பு முந்திக்கொண்டதில் சொல்ல முடியவில்லை.