தலைவர் துடைத்த மோட்டார்

படகுச் சங்கத் தலைவரை ஊரே தலைவர் என்றுதான் கூப்பிட்டது. வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிட்டாள். அவள் கூப்பிடும்போது மட்டும் அதில் கொஞ்சம் உப்பு தூக்கலாக இருக்கும்.

அன்று காலை அந்தத் தலைவர் பின்வாசலில், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு பழைய மோட்டாரின் முன்னால் குந்தியிருந்தார். படகின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டார். சாயங்காலம் சங்கக் கொட்டகையில் வைத்து, ஊரறிய, அதைத் தங்கை கணவரிடம் கொடுக்கப்போகிறார்.

தங்கை கணவர் ஆற்றில் படகோட்டி, ஆட்களை அக்கரையில் கொண்டுவிடுகிறவர். அவருடைய மோட்டார் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட, துடுப்புப் போட்டே பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் கழன்று விழாத குறை. இது காதில் விழுந்த தலைவர், சங்கக் கூட்டத்தில் மைக் கையில் இருந்த தைரியத்தில், “என் மோட்டார் இனி என் மாப்பிள்ளைக்கு” என்று அறிவித்துவிட்டார். மைக் இல்லாத நேரத்தில் அவர் யாருக்கும் எதையும் கொடுத்ததாகத் தகவல் இல்லை. அவருக்குப் புது மோட்டார் வந்து இறங்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மோட்டாரின் மூடி முழுக்க வெள்ளை வெள்ளையாக நீர்த்திட்டு. தெறித்த தண்ணீர் காய்ந்து, உப்பு மட்டும் வட்டம் வட்டமாக உட்கார்ந்துவிட்டது. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு, துணியை நனைத்துப் போர்த்தி, நன்றாக ஊறவிட்டுத் துடைத்தார். திட்டெல்லாம் வழித்தெடுத்தது போலப் போயிற்று. எண்ணெய்க் கறைக்கு வெந்நீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும். இடுக்குகளுக்குப் பழைய பல் பிரஷ். வினிகர் பாட்டிலைத் தேடிக்கொண்டு வந்த மனைவி, வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கையால் ஒரு டம்ளர் கழுவிப் பார்த்ததில்லை என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கடைசியாக அவர் மோட்டாரின் கீழ்ப்பகுதிக்கு வந்தார், தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறி இருக்கும் பக்கம். விசிறியின் நடுவிலிருந்து ஒரு கோடு மெல்ல வழிந்துகொண்டிருந்தது. எண்ணெய்தான். ஆனால் எண்ணெயின் நிறம் இல்லை, பால் அதிகமாகிப்போன டீயின் நிறம். உள்ளே பல்சக்கரப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து எண்ணெயோடு கலந்தால்தான் அந்த நிறம் வரும். அப்படியே ஓட்டினால், ஒரு நாள் நடு ஆற்றில், ஆட்களோடு, பல்லோடு பல் கடித்துக்கொண்டு நின்றுவிடும். தலைவருக்கு இது தெரியும். மழைக்கு முன்பிருந்தே தெரியும். மெக்கானிக்கிடம் போனால் பிரித்துப் போட்டுவிடுவான், சொன்ன நாளில் கொடுக்க முடியாது, பேனர் வேறு அடித்தாகிவிட்டது.

துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தார். மறுபடியும் கோடு. மறுபடியும் துடைத்தார். வண்டியில் ஏற்றும்போது ஒரு முறை, கொட்டகையில் இறக்கும்போது ஒரு முறை. மூக்கொழுகுகிற பிள்ளையைப் பெண் பார்க்கும் வீட்டுக்குக் கூட்டிப்போகிற தாயைப் போல, கைக்குட்டையும் கையுமாகவே இருந்தார்.

சாயங்காலம் கூட்டம் வந்தது. தலைவர் பேசினார். உழைப்பாளியின் வியர்வையில் தொடங்கி, நதிகளின் பெருமைக்குப் போய், தம்முடைய தியாகத்தில் வந்து இறங்கி, அங்கேயே குடியிருந்துவிட்டார். இந்த மோட்டாரில் உங்கள் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்றார். கூட்டம் சிரித்தது. தங்கை கணவர், மோட்டார் மாட்டப்பட்டிருந்த தாங்கியின் பக்கத்தில், ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து, ஆணி அடித்தது போல நின்றார். நன்றி சொல்லக் கூப்பிட்டபோதும் நகரவில்லை; கையை மட்டும் நீட்டி மைக்கை வாங்கி, “மச்சானுக்கு நன்றி” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன அடக்கம், என்ன மரியாதை என்று தலைவர் முன்வரிசையிடம் சொல்லி நெகிழ்ந்தார்.

அதற்குப் பிறகும் ஆற்றில் துடுப்புதான் போய்வந்தது.

முதலில் தலைவர் கவனிக்கவில்லை. கவனிக்க வைத்தவர் சங்கப் பொருளாளர். டீக்கடை பெஞ்சில், ஆற்றைப் பார்த்தபடி, நல்ல பிள்ளையாகக் கேட்டார்: “தலைவரே, நீங்க குடுத்த மோட்டார் சத்தமே இல்லாம ஓடுதே. அவ்வளவு உசத்தியா?”

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. தலைவர் பாதி டீயை வைத்துவிட்டு நேராகத் தங்கை வீட்டுக்கு நடந்தார். கொடுத்ததை மதிக்கத் தெரியாத ஜென்மங்கள் என்பதில் ஆரம்பிப்பதா, ஊர் சிரிக்கிறது என்பதில் ஆரம்பிப்பதா என்று வழியெல்லாம் ஒத்திகை.

தங்கை வீட்டு முன்னறையில் மோட்டார் இருந்தது. நாற்காலிகளை ஒதுக்கி இடம் கொடுத்து, மேலே துணி போர்த்தி, அதன் விசிறிக்கு அடியில் ஒரு கிண்ணம் வைத்திருந்தார்கள். கிண்ணத்தில் பாதிக்கு மேல் டீ நிறம்.

தலைவர் இரண்டு ஆரம்பங்களையும் ஒரே மூச்சில் சொன்னார். தங்கை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முடிகிற வரைக்கும் உரித்தாள்.

“அவர் அன்னிக்கே பார்த்துட்டார்ணா” என்றாள். “நீங்க பேசறப்ப கீழ சொட்டுச்சு. முன்னாடி உட்கார்ந்திருந்தவங்க கண்ணுல படக்கூடாதுன்னு கால வெச்சு மறைச்சுக்கிட்டு நின்னார். நீங்க முடிக்கிறதாவும் இல்ல. செருப்பு நனைஞ்சு, வழுக்கிக்கிட்டேதான் வீட்டுக்கு வந்தார்.”

தலைவர் உட்கார இடம் தேடினார். நாற்காலிகள் எல்லாம் மோட்டாருக்காக ஒதுக்கப்பட்டிருந்தன.

“பிரிச்சுக் காட்டலாம்னு சொன்னேன். மெக்கானிக் கடையில போட்டா ஊருக்கே தெரியும், மச்சான் தலை குனியணும், கொஞ்ச நாள் போகட்டும்னுட்டார். ராத்திரி தோளுக்கு ஒத்தடம் குடுக்கிறது நான்தானே.”

அந்த நேரம் பார்த்துத் தங்கை கணவர் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். தலைவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

“வாங்க மச்சான்” என்றார். பிறகு மனைவியிடம், “எதுக்கு இதெல்லாம். அவசரத்துல மச்சான் பார்த்திருக்க மாட்டார்.”

ஒளிந்துகொள்ள நல்ல இடம் அது. கதவு திறந்து, பாய் விரித்துக் கொடுத்தாகிவிட்டது. தலைவரின் தலை, அவரைக் கேட்காமலேயே, ஆமாம் என்று ஆடியது. ஆடி முடித்த பிறகுதான் அவருக்கு உடம்பு கூசியது. துடைத்ததைவிட இந்த ஆட்டம் கேவலமாக இருந்தது. தங்கை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பார்த்திருந்தால்கூடத் தேவலை.

புது மோட்டாரைக் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று ஓர் எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. அது போன வேகத்தை அவரே பார்த்துவிட்டார்.

தள்ளுவண்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். தங்கை கணவர் தாமும் வருவதாகச் சொன்னார். வேண்டாம், தோளுக்கு ஓய்வு கொடுங்கள் என்று சொல்ல நினைத்து, அதைச் சொல்லத் தமக்கு என்ன யோக்கியதை என்று வாயை மூடிக்கொண்டார். இருவரும் சேர்ந்து மோட்டாரை வண்டியில் ஏற்றினார்கள். தள்ளியது தலைவர் மட்டும். தெருமுனையில் ஒருவர் எங்கே பயணம் என்றார். “சும்மா, சர்வீசுக்கு” என்று வந்துவிட்டது வாயில். பழக்க தோஷம்.

மெக்கானிக் கடை, டீக்கடைக்கு எதிரே. பொருளாளரும் பெஞ்சும் இன்னும் அங்கேயே. மெக்கானிக் குனிந்து, விசிறியின் நடுவில் விரலை வைத்து எடுத்து, வெளிச்சத்தில் பார்த்தான். அவன் குரல் இயல்பிலேயே பெரிசு.

“ரொம்ப நாளா ஒழுகியிருக்கே தலைவரே. சுத்தியும் இவ்வளவு பளபளன்னு இருக்கு, இது யார் கண்ணுலயும் படலையா?”

எதிர் பெஞ்சில் டம்ளர்கள் நின்றன. தலைவர் வழக்கம்போல ஒரு முறை தொண்டையைச் செருமினார். செருமியதற்கு ஏற்ற பேச்சு எதுவும் வரவில்லை.

“பட்டுச்சு” என்றார். “என் கண்ணுலதான். குடுக்கிறதுக்கு முன்னாடியே. துடைச்சுட்டுக் குடுத்தேன்.”

பொருளாளர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, டீயை ஊற்றி மூடிக்கொண்டார். மெக்கானிக் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டான். பிறகு, “மாப்பிள்ளை துடுப்பு போட்டுட்டு இருக்காரில்ல. நாளைக்கே பிரிச்சுடறேன், அந்தப் பக்கம் புடிங்க” என்றான்.

தலைவர் சட்டைக் கையை மடித்துவிடாமலேயே பிடித்தார்.