சொந்தம்தான், என்ன முறை?

இருவரும் எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பியது என்னவோ வேடிக்கைக்குத்தான். கல்யாண நாளுக்கு லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவிக்கு வாங்கித் தந்த டிஎன்ஏ பரிசோதனை அது. இருவருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவராகவே இருக்கலாம் என்று முடிவு வந்தது.

“நாம சொந்தமாம்!” என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “என்ன முறைன்னு போடலையே. நீங்க எனக்கு அண்ணன் முறையா இருந்தா?”

அன்று அவள் தைத்த திரைச்சீலையில் தையல் கோணிக்கொண்டே போனது. பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவன் தோளைத் தொட்டதும் சட்டென்று விலகினாள். கடைசியில், ‘யாரோ எவனோ’ என்று கல்யாணத்துக்கே வராமல் இருந்துவிட்ட அப்பாவுக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“அவன் அப்பாவைப் பெத்தவங்க யாரு?” என்றார் அப்பா.

“தாத்தா கடிகாரம் ரிப்பேர் பண்ணுவாராம்பா.” அவன் பாட்டியின் பெயரையும் சொன்னாள்.

அவள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

“கடிகாரக்காரர்கூடப் போயிட்டாங்கன்னு எங்க அத்தையை வீட்ல தலைமுழுகிட்டாங்கம்மா.” அப்பா அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “அதே பேருதான்.”

“அப்ப என்ன முறைப்பா? சீக்கிரம் சொல்லுங்க!”

“அத்தை மகன் எனக்கு மச்சான். மச்சான் மகன் உனக்குக் கட்டிக்கிற முறைதான்.” பெருமூச்சு விட்டார். “மாப்பிள்ளைகிட்ட ஃபோனைக் குடு.”

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். அவள் நிலைகொள்ளாமல் ஃபோனோடு காதை ஒட்டவைத்தாள்.

“சொல்லுங்க மாமா,” என்றான்.