வெள்ளிக்கிழமைக் கரை

“கருவாடு வாங்கியாரட்டுமா? நாளைக்கு ஆகும்ல” என்று ரகுநாத் கோட்டைப்பட்டினத்திலிருந்து போனில் கேட்டார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் மீன் நுழையக் கூடாது என்பது மனைவி பரிமளாவின் சட்டம். வாரந்தோறும் வெள்ளிக்கிழமை கடற்கரைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிற ஒரே ஆடிட்டர் தான்தான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

“கருவாடும் மீன்தான். பேசாம பஸ் ஏறுங்க” என்று சிரித்துக்கொண்டே வைத்தாள்.

அவர் பஸ் ஏறினார். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். சன்னலில் தலை சாய்த்திருந்தவர் தூங்குகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார். தூக்கம் இல்லை அது.

காரியம் முடிந்த மறுநாளே பரிமளா அறந்தாங்கி மாடி ஆபீசைத் திறந்தாள். ஊர்தான் அவரை ஆடிட்டர் என்றது. உள்ளபடி புருசனும் பெண்டாட்டியும் வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பவர்கள். அவர் ஆட்களைப் பார்ப்பார், அவள் கம்ப்யூட்டரைப் பார்ப்பாள். வந்தவர் யாரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. ஜவுளிக்கடை, நகைக்கடை, கல்யாண மண்டபம், கல் குவாரி, உரக்கடை, செல்போன் கடை, கடைசியில் கோட்டைப்பட்டினத்து விசைப்படகுக்காரர்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சட்டம், ஒரு கெடு. இரண்டு பேர் இழுத்த வண்டியை ஒருத்தி இழுத்தாள். அடுத்த மாதமே ஜவுளிக்கடை மலையாண்டியின் கணக்கு கெடு தாண்டி அபராதம் விழுந்தது. அவர் மாடிப்படியில் நின்றபடியே, சார் இருந்தால் இப்படி நடக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார். நடந்திருக்காது. அதுதான் அவளைச் சுட்டது.

அந்த வாரமே புதுக்கோட்டையிலிருந்து அரவிந்த்குமார் வந்தான். படித்துப் பட்டம் வாங்கிய ஆடிட்டர், சின்ன வயது, மரியாதையான பையன். எல்லாவற்றையும் தன்னிடம் கொடுத்துவிட்டு, தன் ஆபீசிலேயே சம்பளத்துக்கு உட்காரச் சொன்னான். அவள் உடனே தலையாட்டவில்லை என்றதும் இன்னொரு வழியும் சொன்னான்.

“தனியாத்தான் செய்யணும்னா ஏதாவது ஒரே வகை ஆளுகள மட்டும் வச்சுக்கங்கக்கா. நகைக்கடை, ஜவுளி, அது மாதிரி. அந்தப் படகு பார்ட்டிய மொதல்ல விடுங்க. துண்டுச் சீட்டு தவிர ஒண்ணும் தரமாட்டாக.”

அவன் போன பிறகு அந்த யோசனை மட்டும் அறையிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரே வகை. ஒன்றைப் பிடிப்பதென்றால் மற்றதையெல்லாம் விட வேண்டும். அவர் ஒவ்வொருவராகச் சேர்த்த ஆட்களை இவள் அனுப்புவதா? வேலைக்குப் போய்விட்டால் அந்தப் பாவம் இல்லை. ஆனால் மாடியில் தொங்குகிற பெயர்ப்பலகை இறங்கிவிடும்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, விடுவதா வைப்பதா என்று முதலில் படகுக்காரர்களைத்தான் பார்த்துவிடுவோம் என்று ஒவ்வொருவருக்கும் போன் செய்து ஆபீசுக்கு வரச் சொன்னாள். எல்லோரும் சரி என்றார்கள். ஒருவரும் வரவில்லை. அரவிந்த்குமார் சொன்னது சரிதான் என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேதான் வெள்ளிக்கிழமை காலை அவர் போய்வந்த கோட்டைப்பட்டினம் பஸ்ஸில் ஏறினாள். சன்னல் சீட்டு காலியாகத்தான் இருந்தது. நின்றுகொண்டே போனாள்.

இத்தனை வருடம் ஐஸ், வலை, டீசல் என்று தட்டெழுதியவள் அந்தக் கரையைப் பார்த்ததில்லை. படகுகள் ஒன்றையொன்று உரசியபடி வரிசையாக நின்றன. ஐஸ் பேக்டரியின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சுற்றிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் படகுச் சொந்தக்காரர் நைனா முகம்மது நாற்காலியைத் தோள் துண்டால் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

வரச் சொல்லியும் ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

“எங்கிட்டு வாரது தங்கச்சி? போட்டு கெளம்புற அன்னைக்கி டீசலு, ஐஸுன்னு இங்க நிக்கணும். மறுநாளு ஏலத்துல நிக்கணும். வெள்ளிக்கெழம கடலுக்குப் போறதில்ல, அன்னைக்கித்தான் நாங்க மனுசன். சார் அது தெரிஞ்சுதான் அன்னைக்கி வருவாரு. நீங்களும் வருவீகன்னு வாராவாரம் இங்கனதான் நிக்கோம்.”

பிறகு தயங்கித் தயங்கி ஒரு சங்கதி சொன்னார். சார் போனதும் அவசரத்துக்குப் புதுக்கோட்டை அரவிந்த்குமாரிடம் கணக்குக் கொடுத்திருக்கிறார், இன்ஜின் மாற்றக் கடன் வாங்க. அந்த ஆபீசில் வருட வியாபாரத்தைப் பன்னிரண்டாக வகுத்து மாதக் கணக்குப் போட்டுவிட்டார்கள். தடைக்காலத்தில், ஒரு படகும் கடலில் இறங்காத மே மாதத்திலும் மீன் விற்றதாக வந்துவிட்டது. பாங்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“மே மாசம் எந்தக் கடல்ல பாய் மீன் புடிச்சீகன்னு மேனேஜர் கேக்குறாரு. நான் எந்தக் கடலச் சொல்ல?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பரிமளாவும் சிரித்துவிட்டாள். ரகுநாத் போனபின் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். மேற்கொண்டு கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை வெறுமையாக விட வேண்டிய இடம் அவள் விரலுக்கே தெரியும். அந்த இரண்டு மாதத்துக்குப் படகு பழுது பார்த்த செலவு எங்கே என்று கேட்டாள். பையிலிருந்து துண்டுச் சீட்டுகள் வந்தன. எல்லாம் இருந்தன. கேட்கத் தெரிந்தவர் கேட்டால் வரும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அரவிந்த்குமாருக்குப் போன் செய்து, நகைக்கடை, ஜவுளி, மண்டபம், குவாரி எல்லாவற்றையும் அவனே எடுத்துக்கொள்ளலாம் என்றாள். பாயின் கடன் விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை. அவன் திகைத்துப் போய், நல்ல பார்ட்டிகளையெல்லாம் ஏன் தள்ளிவிடுகிறீர்கள் என்றான்.

“அவரு யாரையும் வேண்டாம்னு சொன்னதில்ல தம்பி. அவருக்கு நான் இருந்தேன். எனக்கு நான்தான். எனக்குப் படகு போதும்.”

சொல்லிவிட்டாளே தவிர, ஒவ்வொருவரிடமும் அவளே போய்த்தான் பைல்களைக் கொடுத்தாள். மலையாண்டி பைலை வாங்கி மேசையில் வைத்தார். அன்று பேசியதற்காகவா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். அவர் நம்பவில்லை. கடைவாசல் வரை வந்து, சாருக்கு வெட்டி வைத்த சட்டைத் துணி ஒன்று கிடக்கிறது, என்ன செய்வது என்றார். வாங்கிக்கொண்டு வந்தாள்.

பெயர்ப்பலகை ஐஸ் பேக்டரிச் சுவருக்கு மாறியது. கல்லூரியில் படிக்கிற மகள் ஹரிணி பார்த்துவிட்டு, அப்பா பெயருக்குக் கீழே உன் பெயரும் எழுதும்மா என்றாள். எழுதினாள். வருமானம் முன்னைப்போல இல்லை. ஆனால் ஒரு கெடுவும் தாண்டவில்லை. பாயின் கடன் வந்தது. பக்கத்து ஊர் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் இரண்டு பேர் வந்தார்கள்.

இன்ஜின் மாற்றிய வாரம், பஸ்ஸுக்குக் கிளம்பியவளிடம் பாய் ஒரு பொட்டலத்தை நீட்டினார். நல்ல நெத்திலிக் கருவாடு, நாளைக்கு ஆகும் என்றார்.

பரிமளா சன்னல் சீட்டில் உட்கார்ந்து வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தாள். வெள்ளிக்கிழமை கருவாடும் மீன்தான்.